ஏட்டு ஓரமாக நிற்கிறார்

பொய் சொல்வதற்கும் ஒரு வாய் வேண்டும். மாஸ்டரம்மாவுக்கு அந்த வாய் கிடையாது. இருபத்திரண்டு வருடம் தையல் கடையில் உட்கார்ந்து, அளவு நோட்டில் எழுதியிருப்பதை எழுதியபடியே படித்துக் காட்டிய வாய் அது. நாற்பது என்றிருந்தால் நாற்பது. நாற்பதே கால் என்றிருந்தால் நாற்பதே கால். அப்படிப்பட்டவள் போன சனிக்கிழமை, டிவியில் ஓடுகிற போலீஸ் தொடரில் செத்துப்போன ஏட்டு ஒருவரை உயிரோடு இருப்பதாகச் சொல்லிவிட்டாள். இன்றைக்கு மறுபடியும் சனிக்கிழமை. சாயங்காலம் ஆறரைக்குத் தொடர். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான் தாங்கும் என்பார்கள். இவளுடையதற்கு ஏழாம் நாளே கெடு வந்துவிட்டது.

டிவியில் செத்தவனுக்காக வீட்டில் ஒருத்தி பயப்படுவாளா என்று கேட்டால், பயப்படுவாள். ஏன் என்று முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். துணியை வெட்டிக் கொடுப்பவர். தெருவே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டதால் அவர் பெண்டாட்டி மாஸ்டரம்மா ஆகிவிட்டாள். அதே கடையில் அவளுக்கு ஆல்டரேஷன் வேலை. தொப்பை போட்டவனுக்கு இடுப்பைப் பிரித்துப் பெரிதாக்குவது, குட்டையானவனுக்குக் கால் நீளத்தை மடித்துத் தைப்பது, பொத்தானுக்குக் காஜா எடுப்பது. ஆனால் காலையில் முதல் இரண்டு மணி நேரம் அவள் இடம் கட்டிங் மேஜைக்கு எதிரே போட்ட முக்காலி. மடியில் அளவு நோட்டு. "தோள் பதினேழரை" என்பாள். அவர் சாக்பீஸால் துணியில் கோடு இழுத்துவிட்டு "ம்" என்பார். அந்த "ம்" வந்த பிறகுதான் அடுத்த அளவைப் படிக்க வேண்டும். "ம்" வராமல் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கணக்கு குழம்பும், கோடு மாறும், கத்தரி போகாத இடத்துக்குப் போகும். அந்தக் கடையில் சட்டம் என்று ஒன்று இருந்தது என்றால் அது இதுதான்.

ஒரே ஒரு தடவை தப்பு நடந்தது. அவள் கல்யாணமாகி வந்த புதிது. நோட்டில் மை பரவி, ஓர் எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. கேட்டால் படிக்கத் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்று, எட்டு என்று அடித்துவிட்டாள். நல்ல கோட்டுத் துணி, போச்சு. மாஸ்டர் கத்தவில்லை. வெட்டின துண்டை மடித்து வைத்தார்.

"இந்தா பாரு, என் கண்ணு துணியில இருக்கும். நோட்டுல இருக்கறது உன் கண்ணுதான். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. நீயா ஒண்ணைச் சொல்லிடாத. நீ சொல்றதைத்தான் நான் வெட்டறேன்" என்றார்.

அதற்கப்புறம் அவள் தானாக ஒன்றையும் சொன்னதில்லை.

போன வருடம் மாஸ்டரின் கண் போயிற்று. முதலில் ஓரங்கள் இருண்டன. மேஜையின் இரண்டு பக்கமும் யாரோ திரை கட்டிவிட்டாற்போல் இருக்கிறது என்றார். கண்ணாடியை மாற்றினார், சொட்டு மருந்து விட்டார், ஆளுக்கொரு யோசனை சொன்னதையெல்லாம் செய்து பார்த்தார். ஒரு நாள் காலையில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "லைட்டைப் போடுங்கப்பா" என்றார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள்தான் முக்காலியிலிருந்து எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

அன்றிலிருந்து ஜன்னலோரத்து நாற்காலிதான் மாஸ்டருக்கு எல்லாம். அவள் மத்தியானம் வரை கடைக்குப் போவாள், பிறகு வீடு. வீட்டுக்கு வந்ததும் கேள்விகள் ஆரம்பிக்கும். கடையில் யார் வந்தார்கள், மழை வருமா, எதிர் வீட்டுக்கு என்ன கலர் அடிக்கிறார்கள், ஜன்னல் தொட்டியில் ரோஜா மொட்டு விட்டதா. அவள் சொல்வாள். அவர் கேட்டுக்கொள்வார்.

சனிக்கிழமை சாயங்காலம் "ஸ்டேஷன் டூட்டி." மாஸ்டருக்கு அந்தத் தொடர் என்றால் உயிர். பேச்சு வருகிற இடத்தில் அவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும், பேச்சு நின்ற இடத்தில் படத்தைச் சொல்ல வேண்டும். "கதவு திறக்குது" என்பாள். "ம்" என்பார். "இன்ஸ்பெக்டர் உள்ள வர்றார். மேஜை மேல துப்பாக்கியை வைக்கிறார்." "ம்." யாரும் ஏற்பாடு செய்யவில்லை, அது தானாகவே கட்டிங் மேஜை மாதிரி ஆகிவிட்டது. அந்த ஒரு மணி நேரம் மாஸ்டர் குனிந்த தலை நிமிர்ந்து, பழைய மாஸ்டராக இருப்பார்.

அதில் ஊருக்கெல்லாம் பிடித்தவர் இன்ஸ்பெக்டர். மாஸ்டருக்குப் பிடித்தவர் ஏட்டு. நொண்டிக் கால், கையில் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க், வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஒரு கேஸில், செத்தவன் சட்டையில் மற்ற பொத்தான்களெல்லாம் நூல் நேராக ஓடித் தைத்திருக்க, மூன்றாவது பொத்தானில் மட்டும் நூல் குறுக்கே போயிருந்ததை அவர் கண்டுபிடித்தார். இது வேறு கை தைத்தது என்றார். அவ்வளவுதான், மாஸ்டர் நாற்காலிக் கையைத் தட்டி, "இந்த ஆளுதான் போலீசு. மத்தவனெல்லாம் வெறும் காக்கிச் சட்டை" என்றார். அன்றிலிருந்து அவர் "ஏட்டய்யா." சொந்த மாமன் மச்சானைக் கூட மாஸ்டர் அப்படி விசாரித்ததில்லை.

"ஏட்டய்யா இருக்காரா?"

"ஓரமா நிக்கிறார்."

"ஃபிளாஸ்க்?"

"கையில இருக்கு."

இது ஒவ்வொரு காட்சிக்கும் உண்டு.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வர வேண்டும். வராமல் தப்பிக்க அவளும் இரண்டு மாதமாகத்தான் பார்க்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையையும் செய்துவிட்டு, முடிவைத் தபாலில் அனுப்புகிறோம் என்றிருந்தார்கள். அனுப்பினார்கள். நாலே வரி. வலது கண் நரம்பு முழுவதும் பட்டுப்போய்விட்டது. இடது கண்ணும் அவ்வாறே. அறுவை சிகிச்சையால் பலன் இல்லை. கோல் பிடித்து நடக்கவும் தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளவும் செவ்வாய்தோறும் இங்கே பயிற்சி தரப்படுகிறது, தாமதிக்காமல் அழைத்து வரவும்.

உறை கிழிகிற சத்தம் கேட்டதுமே மாஸ்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, "படி" என்றார். அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. நோட்டைப் பார்க்கிறவள் நோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

"நரம்பு களைச்சுப் போயிருக்காம். எட்டு மாசம் ஓய்வு குடுத்துட்டு ஆபரேஷன் பண்ணலாமாம்" என்றாள்.

அந்த எட்டு எங்கிருந்து வந்து வாயில் உட்கார்ந்தது என்று அவளுக்கே தெரியாது. மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். பிறகு ஒரு டீ கேட்டார். குடித்துவிட்டுக் கடை முதலாளிக்குப் போன் போடச் சொல்லி, "என் மேஜையை யாருக்கும் குடுத்துடாதீங்க, எட்டு மாசம்தான்" என்றார். கீழ்வீட்டுக்காரி எங்கேயோ தேடி ஒரு வெள்ளைக் கோலை வாங்கிக்கொண்டு வந்தாள். மாஸ்டர் அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "எட்டு மாசத்துக்கு இது எதுக்கும்மா? யாராவது தேவைப்பட்டவங்களுக்குக் குடு." கோல் கதவுக்குப் பின்னால் போயிற்று. குளியலறைக்குப் போகக் கூட அவள் கையைத்தான் பிடிக்கிறார். செவ்வாய்க்கிழமைகள் வந்தன, போயின. ஒவ்வொரு செவ்வாயும் கடையில் ஊசியில் நூல் கோக்கும்போது அந்த நாலாவது வரி அவள் கண் முன்னால் நிற்கும். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று வீட்டுக்கு வருவாள். வந்ததும் அவர் விரல் விட்டு மாதத்தை எண்ணிக்கொண்டிருப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குக் கூட ஒரு திட்டம் இருக்கும். இவளிடம் அதுவும் இல்லை.

இதற்குள் ஏட்டு எங்கே வந்தார் என்றால், அது மாஸ்டர் செய்த வேலை. தொடரில் ஏட்டு ரிட்டயர் ஆக இன்னும் ஆறு மாதம் என்று ஒரு பேச்சு வந்தது. மாஸ்டர் குஷியாகிவிட்டார்.

"அவருக்கும் ஆறு மாசம், எனக்கும் ஆறு மாசம். அவர் ஃபிளாஸ்க்கைக் கீழ வைக்கிறதுக்குள்ள நான் கத்தரியைக் கையில எடுக்கறேனா இல்லையான்னு பாரு" என்றார்.

சும்மா பேச்சுத்தான். ஆனால் அவள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பொய்க்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறவளுக்கு எதைப் பார்த்தாலும் சகுனம்.

போன சனிக்கிழமை, கடைசி இரண்டு நிமிடத்தில், தொடர் எடுக்கிற மகானுபாவர்கள் ஏட்டை ஒரு குடோனுக்குள் தனியாக அனுப்பினார்கள். பேச்சு இல்லை. வெறும் இசை. அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. கையில் கத்தி. ஏட்டு சரிந்தார். ஃபிளாஸ்க் உருண்டு போய் ஒரு சுவரில் இடித்து நின்றது. எழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"ஏட்டய்யா உள்ள போனாரே, என்ன ஆச்சு?"

மாஸ்டர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். முழங்காலில் இரண்டு கை. கடிதம் வந்த அன்றைக்கு உட்கார்ந்த அதே மாதிரி.

"பிடிச்சுட்டாருங்க. அவன் காலரைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வர்றார்" என்றாள்.

"ம்" என்றார் மாஸ்டர், முகமெல்லாம் சிரிப்பாக.

அந்த வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. புதன்கிழமை படிக்கட்டில் கீழ்வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். அவளும் அந்தத் தொடரை விடாமல் பார்க்கிறவள்தான்.

"என்னக்கா, ஏட்டைப் போட்டுத் தள்ளிட்டாங்களே. மாஸ்டர் சாப்பிட்டாரா இல்லையா?"

"மெதுவா பேசு. அவர்கிட்ட சொல்லல."

"சொல்லலையா? பக்கத்துல உக்காந்துட்டுத்தானே இருந்தார்?"

"பிடிச்சுட்டார்னு சொல்லிட்டேன்."

கீழ்வீட்டுக்காரி காய்கறிப் பையைப் படியில் வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாருக்கு போ. நீங்க கதை எழுதவே போகலாம்." பிறகு அவள் முகத்தைப் பார்த்து மனசு இளகி, "விடுங்கக்கா. செத்தார்னு யார் சொன்னா? விழுந்தார், அவ்வளவுதானே. இவங்க என்னைக்கு ஒருத்தனை ஒழுங்கா சாகடிச்சிருக்காங்க? போன வருஷம் ஆத்துல விழுந்த வில்லன் மீசையை எடுத்துட்டுத் திரும்பி வரல? கத்தி பெல்ட்டுல பட்டிருக்கும். ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு அனுப்பிடுவாங்க, பாருங்க" என்றாள்.

அந்த வார்த்தையை மாஸ்டரம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பெல்ட்டில் பட்டிருக்கும். ஆல்டரேஷன்காரிக்குத் தெரியும், ஏட்டு போட்டிருப்பது நல்ல தடிமனான பெல்ட். அவர் மட்டும் பிழைத்துவிட்டால் சொன்னது பொய்யில்லை என்றாகிவிடும். கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னது, அவ்வளவுதான். ஏட்டு பிழைத்தால் மாஸ்டரின் கண்ணும் பிழைக்கும் என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. பைத்தியக்காரக் கணக்கு என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அவர் கண்ணுக்குப் பதில் இனிமேல் அவள் வாய் ஒன்றுதான் இருக்கிறது. அந்த வாயின் மேலிருக்கிற நம்பிக்கை போனால் அவருக்கு இந்த உலகத்தில் நிற்க இடமில்லை. அதுதான் அவள் பயம்.

சனிக்கிழமை வந்தது. ஆறு இருபத்தைந்துக்கு அவள் கடைசி முயற்சியாக டிவி பிளக்கைப் பாதி வெளியே இழுத்துவிட்டு, "படம் வரலீங்க. கேபிள்ல ஏதோ கோளாறு போல" என்றாள்.

மாஸ்டர் எழுந்தார். சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். டிவிக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், பிளக்கைத் தொட்டு, ஒரு அழுத்து அழுத்தினார். டிவி பேச ஆரம்பித்தது.

"லூசா இருந்திருக்கு" என்றார். அதே சுவரைத் தடவித் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மாதத்தில் அவர் தானாக நடந்தது அதுதான் முதல் தடவை.

தொடர் ஆரம்பித்தது. என்ன அநியாயம் என்றால், ஏட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்ஸ்பெக்டருக்குப் பெண் பார்க்கிறார்கள். ஒரு பெரிய ஹால், பூச்செண்டு, இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள். பெண்ணின் அண்ணன் ஒரு வெளிநாட்டுக் காரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினான். அப்புறம் இரண்டு கான்ஸ்டபிள்கள் ஒரு பூனையைத் துரத்தினார்கள். அது நகைச்சுவையாம். பின்னணியில் யாரோ சிரித்தார்கள், வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

"ஏட்டய்யா இருக்காரா?" என்றார் மாஸ்டர்.

"ஓரமா நிக்கிறார்."

"ஃபிளாஸ்க்?"

"கையில இருக்கு."

"போன வாரம் பிடிச்சவனை என்ன பண்ணாராம்? ஒருத்தரும் கேக்கலையே. எவனோ காரைப் பத்திப் பேசிட்டிருக்கான்."

"சொல்லுவாங்க. விளம்பரம் முடியட்டும்."

அவள் திரையில் கட்டுப் போட்ட ஒரு மனிதரைத் தேடிக்கொண்டிருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் நொண்டிக் காலைத் தேடினாள். வேறு யார் யாரோ வந்தார்கள். முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. இனி இந்த வாரம் ஏட்டு பேச்சு வராது, அடுத்த சனிக்கிழமை வரை தப்பித்தோம் என்று அவள் மூச்சு விட்டபோது, ஸ்டேஷனைக் காட்டினார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டே ஒரு ஃபைலைக் கேட்டார். புதிதாக வந்த கான்ஸ்டபிள் பதில் சொன்னான்:

"சார், அது ஏட்டய்யா பாத்துட்டிருந்த கேஸ். அவர் குடோன்ல செத்த அன்னைக்குக் காலையில பீரோவுல வெச்சுப் பூட்டினது. சாவி கிடைக்கல."

"பூட்டை உடை" என்றார் இன்ஸ்பெக்டர். மறுபடி சீப்பை எடுத்தார்.

மாஸ்டரம்மா இருமினாள். பாதி வாக்கியம் போன பிறகு இருமி என்ன பிரயோஜனம்? பக்கத்திலிருந்த டம்ளரையும் கீழே தள்ளினாள். அது உருண்டு போய்ச் சுவரில் இடித்து நின்றது.

அவ்வளவுதான். அத்தனை வருடம் ஃபிளாஸ்க்கோடு நின்ற மனிதருக்கு இந்த ஒரு வரிதான். ஒரு படத்துக்கு மாலை இல்லை, தலையைக் குனிந்து ஒரு நிமிடம் யாரும் நிற்கவில்லை. அடுத்த காட்சியில் பூனை திரும்பி வந்தது. எழுதினவனைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்க வேண்டும், ஆனால் எழுதினவன் எங்கே இருக்கிறான், இவர்கள் எங்கே இருக்கிறார்கள்.

"இப்ப என்ன சொன்னான்?" என்றார் மாஸ்டர்.

"யாரோ வேற ஏட்டுங்க."

"அந்த ஸ்டேஷன்ல ஏட்டு ஒருத்தர்தானே."

அவள் டம்ளரை எடுக்கக் குனிந்தாள்.

"ஒரு வரி" என்றார் மாஸ்டர். குரலில் கோபம் வந்தது. "ஒரு மனுஷன் செத்ததை ஒரே வரியில, அதுவும் சாவியைத் தேடறப்ப சொல்றானுங்க. பூனைக்குக் குடுத்த நேரத்துல பாதி குடுத்திருக்கலாம். இதெல்லாம் ஒரு கதையா? இதுக்குப் போயி ஒரு வாரம் காத்திட்டிருந்தேன் பாரு."

"ஆமாங்க. ரொம்ப மோசம். அணைச்சிடட்டுமா?"

"குடோன்லன்னா போன வாரம்தானே?"

அவள் டம்ளரைத் துடைத்து வைத்தாள்.

"காலரைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றார்னு சொன்ன."

"சாகலைன்னு நெனச்சேங்க. விழுந்தார், அவ்வளவுதான் காட்டினாங்க. கீழ்வீட்டுக்காரி கூட பெல்ட்டுல பட்டிருக்கும்னு…"

"விழுந்தார்னு நீ எனக்குச் சொல்லலையே." அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். "இப்ப ஒரு மணி நேரமா ஓரமா நிக்க வெச்சிருந்த. கையில ஃபிளாஸ்க்கோட."

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ரோஜா மொட்டு விட்டுச்சுன்னியே?"

ஆல்டரேஷனில் ஒரு தையலை இழுத்தால் மொத்த ஓரமும் பிரிந்து வருமே, அதன் தொடக்கம் இது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்த வழி தெரியவில்லை.

"அது காஞ்சு போச்சுங்க. மூணு வாரமாச்சு."

"ம்." கொஞ்சம் நிறுத்தினார். "என் மேஜை? துணி போட்டு மூடி வெச்சிருக்காங்கன்னு சொன்ன."

"வேற ஒரு மாஸ்டர் வந்திருக்கார். முதலாளி பாவம், எத்தனை நாள் பாப்பார்? நல்ல பையன்தான். உங்க கத்தரியைத் தொடவிடல, நான் பூட்டி வெச்சிருக்கேன். இது சத்தியம்."

சத்தியம் என்று சொன்னதும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. நேற்று வரை அவள் வார்த்தைக்கு அது தேவைப்பட்டதில்லை.

"அளவு யார் படிக்கிறா அவனுக்கு?"

"நான்தான்."

"ம்" என்றார். அந்த "ம்" மட்டும் வர நேரமாயிற்று.

டிவியில் பெண் வீட்டார் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கையை நீட்டி ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை.

"லெட்டர் எங்க?"

எந்த லெட்டர் என்று அவள் கேட்கவில்லை. கேட்கலாம் என்று நினைத்தாள். கேட்டு ஒரு நிமிடம் சம்பாதித்து என்ன செய்வது?

"பழைய அளவு நோட்டுக்குள்ள வெச்சிருக்கேன்."

"எடுத்துட்டு வா."

"நாளைக்குக் காலையில படிக்கிறேங்க. இப்ப வெளிச்சம் பத்தல."

"லைட்டைப் போடு."

"எரியுதுங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். சத்தம் வராமல் அழுவது அவளுக்கு இந்த ஒரு வருடத்தில் நன்றாகப் பழகியிருந்தது.

அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தாள். கடிதத்தை எடுத்து, மடிப்பைப் பிரித்தாள். சமையலறையிலிருந்த முக்காலியைக் கொண்டு வந்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் மடியில் போர்வை இருந்தது. அதை இரண்டு கையாலும் தடவிச் சுருக்கம் எடுத்தார். பிறகு வலது கைக் கட்டை விரலையும் இரண்டு விரலையும் சேர்த்துப் போர்வையின் மேல் வைத்தார். சாக்பீஸ் இல்லாத கை.

"டேபிள்ல படிக்கிற மாதிரி படி" என்றார். "நீயா ஒண்ணும் சொல்லாத."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாளை மட்டும் பார்த்தாள்.

"வலது கண்ணு. நரம்பு முழுசா பட்டுப்போயிடுச்சு."

விரல்கள் போர்வையில் நேராக ஒரு கோடு இழுத்தன. வளையாத கோடு. "ம்."

"இடது கண்ணு. அதே மாதிரி."

கை கொஞ்சம் தள்ளி வந்து, முதல் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தது. "ம்."

"ஆபரேஷனால பலன் இல்ல."

விரல்கள் அடுத்த கோட்டுக்கான இடத்துக்குப் போய் ஊன்றி நின்றன. அவள் காத்திருந்தாள். கை நகரவில்லை. உதடு ஒரு தடவை அசைந்தது, அதில் சத்தம் எதுவும் வரவில்லை. டிவியில் எழுத்து ஓடி முடிந்து வேறு ஏதோ நிகழ்ச்சி ஆரம்பித்தது. கீழ்வீட்டுக்காரி டிவியை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற சத்தம் மேலே வந்தது.

தாளில் இன்னும் ஒரு வரி இருந்தது. நாலாவது வரி. செவ்வாய்க்கிழமை, கோல், பயிற்சி, தாமதிக்காமல் அழைத்து வரவும். அந்தத் தாளில் அவருக்கு உபயோகப்படுகிற வரி என்று ஒன்று இருந்தால் அது ஒன்றுதான். அதை எட்டு செவ்வாய்களாக அவள்தான் மடித்து வைத்திருந்தாள். இப்போது படித்துவிட வாய் துடித்தது. ஆனால் "ம்" வராமல் அடுத்ததைப் படிக்கக் கூடாது, இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் படித்ததில்லை.

நாலாவது வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அவர் "ம்" சொல்வதற்காக அவள் உட்கார்ந்திருந்தாள்.